அம்பு விட்ட பிள்ளை கதை: ஒரு திருத்தம்



இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். நடுவில் அறிவியல் பாடமும் வரும். ஓய்வு பெற்று ஏழெட்டு வருஷம் ஆகியும் பழக்கம் விடவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2011-க்குப் பிறகு என்னிடம் படித்தவர்களுக்கு ஒரு கதை நினைவிருக்கும். பொதுத்தேர்வு நெருங்கும்போது வருஷம் தவறாமல் சொல்வேன். "நம்ம பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளை நல்லா அம்பு விடுவா. பயிற்சியில அவளை யாரும் தொட முடியாது. போட்டிக்குப் போன இடத்துல பதறிட்டா. அம்பு திசைக்கு ஒண்ணா போச்சு. ஆகையினால பிள்ளைகளா, படிப்பு மட்டும் போதாது, பரீட்சை ஹாலில் பதறக்கூடாது." இதுதான் கதை.

அந்தக் கதையில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. விடைத்தாளில் நீங்கள் செய்த சின்னப் பிழைக்கெல்லாம் சிவப்பு மையில் வட்டம் போட்டவன் நான். இப்போது எனக்கு நானே போட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் மதுரையிலிருந்து மகள் வயிற்றுப் பேரன் விடுமுறைக்கு வந்தான். ஏழாம் வகுப்பு முடித்திருக்கிறான். புதிதாக வில்வித்தை கற்றுக்கொள்கிறானாம். மூங்கில் வில்லும் ஆறு அம்பும் கொண்டுவந்தான். பஸ் நெரிசலில் இரண்டு அம்புகளில் இறகு பெயர்ந்துவிட்டது. திண்ணையில் உட்கார்ந்திருந்த என் மடியில் அவற்றை வைத்து, "தாத்தா, நீங்க சயின்ஸ் சார்தானே? இதை டேப்ல ஒட்டலாமா, பசை போட்டு ஒட்டணுமா?" என்று கேட்டான்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இதே கேள்வியை வேறொரு பிள்ளை 2011 மார்ச் 30-ஆம் தேதி சாயங்காலம் என்னிடம் கேட்டிருந்தாள்.

நம் பக்கத்துக்கும் வில்லுக்கும் பெயரளவில் நெருக்கம் உண்டு. வில்லி, கண்டன் என்று இரண்டு வேடச் சகோதரர்கள்; காட்டில் கண்டனைப் புலி அடித்துவிட, அண்ணன் தம்பியைத் தேடி அலைந்த வில்லியின் கனவில் பெருமாள் வந்து சொல்ல, காட்டைத் திருத்தி அவன் கட்டிய ஊர்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் என்பது தலபுராணம். ஊர்ப் பெயரில் வில் இருந்ததே தவிர, சுந்தரபாண்டியத்தில் நான் பார்த்ததெல்லாம் தறிதான். தெருவுக்குத் தெரு பாவு விரித்திருக்கும். வகுப்பில் பாடம் நடத்தும்போதே பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்கும்.

2010 அக்டோபரில் டெல்லி காமன்வெல்த் போட்டியில் தீபிகா குமாரி இரண்டு தங்கம் வென்றார். ஜார்க்கண்டில் ஆட்டோ ஓட்டுபவரின் மகள், சின்ன வயதில் கல்லெறிந்து மாங்காய் அடித்துப் பழகியவர் என்று பத்திரிகையில் வந்திருந்தது. அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பி.டி. சார் முன்னால் போய் நின்றாள். அப்பா நெசவாளி. வீட்டில் குழித்தறி. அவள் பெயரை இங்கே போடவில்லை. போட வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள்.

பி.டி. சார் எங்கெங்கோ அலைந்து இரண்டு மூங்கில் வில் வாங்கி வந்தார். விலை உயர்ந்த வெளிநாட்டு வில் வாங்க முடியாத பிள்ளைகளுக்காக நம் நாட்டில் 'இந்தியன் ரவுண்ட்' என்று ஒரு பிரிவு இருக்கிறது. மூங்கில் வில், சாதாரண அம்பு, ஐம்பது மீட்டரும் முப்பது மீட்டரும் தூரம். சாயங்காலம் மைதானத்தில் வைக்கோல் அடைத்த சாக்கை நிறுத்திப் பழகினாள். நாலு மாதத்தில் முப்பது மீட்டரில் ஆறு அம்பையும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குள் சொருகிவிடுவாள். அம்புக்கு வைத்தியம் பார்க்கும் வேலை என்னுடையது.

இப்போது கொஞ்சம் பாடம்.

அம்புக்கு இறகு எதற்கு? இறகுப்பந்தை எப்படி அடித்தாலும் தக்கை முன்னாலும் இறகு பின்னாலும் திரும்பிக்கொள்ளும், பார்த்திருப்பீர்கள். அம்பிலும் அதேதான். நாணை விட்டதும் அம்பு விறைப்பாகப் போவதில்லை. பாம்பு மாதிரி நெளிந்துகொண்டுதான் கிளம்பும். வாலில் இருக்கும் இறகு காற்றைப் பிடித்துப் பின்னுக்கு இழுப்பதால் நெளிவு அடங்கி, முனை முன்னால் போகும். இறகைச் சற்றுச் சாய்த்து ஒட்டினால் அம்பு சுழலும். சுழன்றால் இன்னும் நேராகப் போகும்.

மூன்று இறகு, ஒன்றுக்கொன்று 120 டிகிரி. மூன்றும் பறவையின் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். இடச் சிறகின் இறகு ஒரு பக்கம் வளையும், வலச் சிறகின் இறகு மறுபக்கம் வளையும். கலந்து ஒட்டினால் ஒன்றின் வேலையை மற்றது கெடுக்கும். ராஜபாளையம் பக்கம் வான்கோழி வளர்க்கும் ஒருவர் எங்களுக்கு இறகு தருவார். இடம், வலம் என்று இரண்டு உறையில் பிரித்து வைப்பது அந்தப் பிள்ளையின் வேலை. ஒரு நாளும் மாற்றி வைத்ததில்லை.

ஒட்டுவதற்கு இரண்டு வழி. பசை என்றால், அதில் உள்ள கரைப்பான் ஆவியாகப் போய்ப் பசை இறுகும்வரை இறகை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். அதற்கு ஒரு சட்டம் வேண்டும். நான் மரக்கட்டையும் துணி கிளிப்பும் வைத்து ஒன்று செய்திருந்தேன். ஒரு இறகுக்குக் கால் மணி நேரம். ஆறு அம்பு, பதினெட்டு இறகு, ஒரே சட்டம். பெருக்கிப் பாருங்கள், நாலரை மணி நேரம்.

இரு பக்கமும் ஒட்டும் டேப் என்றால் காயக் காத்திருக்க வேண்டாம். இறகின் அடித்தண்டில் ஒட்டி, மேல் தாளை உரித்து, அம்பில் அழுத்தினால் முடிந்தது. பதினெட்டு இறகும் அரை மணி நேரத்தில் ஆகிவிடும்.

டேப் மட்டமானது என்று நினைக்காதீர்கள். ஒலிம்பிக் வீரர்கள் கார்பன் அம்பில் பொருத்தும் மெல்லிய சுருள் பிளாஸ்டிக் இறகுகளையே டேப்பில்தான் ஒட்டுகிறார்கள். ஆனால் அது அதற்கென்றே செய்த டேப். அம்பின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு ஒட்டி, இறகின் இரண்டு முனையிலும் மேலே இன்னொரு டேப்பைச் சுற்றி இறுக்குவார்கள். என்னிடம் இருந்ததோ அறிவியல் கண்காட்சிக்குச் சார்ட் ஒட்ட வாங்கியதில் மிச்சம்.

டேப்பின் பசை ஒருநாளும் கெட்டியாவதில்லை. மிகக் கெட்டியான பாகு மாதிரி எப்போதும் இளக்கமாகவே இருக்கும். அதனால்தான் அழுத்தியதும் ஒட்டுகிறது. அதனாலேயே சூடு ஏறினால் மேலும் இளகி, மெல்ல நகர்ந்து கொடுக்கிறது. இது பாடப்புத்தகத்தில் இல்லாவிட்டாலும் ஒரு அறிவியல் ஆசிரியருக்குத் தெரியாத விஷயம் இல்லை. எனக்கும் தெரியும்.

சரி, 2011 மார்ச் 30. புதன்கிழமை. தேதியைச் சொன்னதும் உங்களில் பாதிப் பேருக்கு ஞாபகம் வந்திருக்கும். மொகாலியில் இந்தியா, பாகிஸ்தான் உலகக் கோப்பை அரையிறுதி. மத்தியானம் இரண்டரைக்கு ஆட்டம் ஆரம்பம். அன்று நம் ஊர்க் கடைத்தெருவே டீக்கடை டிவி முன்னால்தான் நின்றது.

மறுநாள் பக்கத்து மாவட்டத்தில் ஒரு போட்டி. பழைய இறகுகள் தேய்ந்துபோயிருந்தன. புது இறகு பஸ் பார்சலில் வந்து சேர்ந்ததே அன்று மாலைதான். அந்தப் பிள்ளை சட்டத்தையும் பசையையும் எடுத்து மேஜையில் வைத்துவிட்டு நின்றாள்.

"சார், டேப்பா பசையா?"

"டேப்பே போதும் தாயி."

"பசையே போட்டுருவோம் சார். நான் இருந்து ஒட்டித் தர்றேன். அப்பாட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"ஒருநாளைக்குத் தாங்கும். எனக்கு வீட்டுல வேலை இருக்கு."

வீட்டில் வேலை ஒன்றும் இல்லை. சச்சின் ஆடிக்கொண்டிருந்தார். அரை மணி நேரத்தில் பதினெட்டு இறகையும் ஒட்டி அவள் கையில் கொடுத்துவிட்டு சைக்கிளை மிதித்தேன். சச்சின் 85 அடித்தார், இந்தியா 29 ரன்னில் ஜெயித்தது. ராத்திரி தெருவில் வெடி போட்டார்கள். நானும் போட்டேன்.

மறுநாள் காலை ஐம்பது மீட்டரில் நன்றாகவே எய்தாள். மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில் அம்புக் கூடு வெயிலில் ஒரு பெஞ்சின்மேல் கிடந்தது. பங்குனி வெயில். அது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. அடுத்து முப்பது மீட்டர், அவளுடைய தூரம். முதல் சுற்று சரி. இரண்டாவது சுற்றில் ஒரு அம்பு இலக்குப் பலகையையே தாண்டிப் புல்லில் போய் விழுந்தது. அடுத்தது வெள்ளை வட்டத்தின் ஓரத்தில். மூன்றாவது அம்பை விட்டதும் கையை உதறினாள். வில் பிடித்த கையின் ஆள்காட்டி விரல் மேல் நீளமாக ஒரு கீறல், ரத்தம். கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு மிச்சத்தையும் எய்தாள். கடைசியில் பத்துப் பேருக்குப் பின்னால் போய்விட்டாள்.

அம்புகளைப் பொறுக்கிக் கொண்டுவரப் போனவன் நான். நாலு அம்பில் இறகின் முன்முனை தூக்கிக்கொண்டு நின்றது. ஒன்றில் இறகே இல்லை. டேப் கருப்பாக, பிசுபிசுவென்று வழிந்திருந்தது. பார்த்ததும் புரிந்துவிட்டது. தூக்கி நிற்கும் முனை கையை உரசிக்கொண்டு போகும்போது கத்திபோலக் கிழிக்கும். அம்பும் உதைபட்டுத் திசை மாறும். ஐந்தையும் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் போட்டேன்.

பஸ் இறங்கியபோது அவளுடைய அப்பா நின்றுகொண்டிருந்தார். "என்ன சார் ஆச்சு?" என்றார்.

"பதறிட்டா அண்ணாச்சி. பெரிய கூட்டம் பார்த்துப் பழக்கம் இல்ல."

அவள் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் ஆசிரியர் அறையிலும் அதையே சொன்னேன். அடுத்த வாரம் ஒன்பதாம் வகுப்பில், அவளையும் உட்காரவைத்துக்கொண்டே, பதறக்கூடாது என்று பாடம் எடுத்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நடந்த மாதிரி ஆகிவிட்டது. அவள் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். "பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்குன்னு அப்பவே சொன்னேன்" என்று அவளுடைய அம்மா பேசியதாகக் காதில் விழுந்தது. அம்புகள் அவள் வீட்டிலேயே கிடந்தன.

மே மாதம் ஒரு காலையில் அவளுடைய அப்பா சைக்கிளில் என் வீட்டுக்கு வந்தார். துண்டில் சுற்றிய ஆறு அம்புகளைத் திண்ணையில் வைத்தார். தொலைந்துபோன இறகுக்குப் பதில் வேறு இறகு வைத்திருந்தார். டேப்பின் பிசுக்கு துளிகூட இல்லாமல் சுரண்டி எடுத்து, பசை போட்டு இறகை ஒட்டி, முன்முனையிலும் பின்முனையிலும் பருத்தி நூலை நெருக்கமாகச் சுற்றிக் கட்டியிருந்தார். நடுவிலும் இறகின் மயிரைப் பிரித்துப் பிரித்து நூலை ஓட்டியிருந்தார். மேலே மெல்லிய வார்னிஷ். தடவிப் பார்த்தேன், விரலுக்கு ஒரு மேடு தட்டவில்லை.

"முடிச்சு எங்க அண்ணாச்சி?"

"உள்ள போயிருச்சு சார். நூலை மடிச்சுக் கண்ணியா வச்சு, அதுமேல சுத்தி, கடைசி நுனியைக் கண்ணில கோத்து உள்ள இழுத்துட்டேன். வெளிய இருந்தா கையைக் கீறும்."

கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "பாப்பா பதறல சார். கையில கீறல் பார்த்தேன்."

அவ்வளவுதான். யார் ஒட்டினது, எதில் ஒட்டினது என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. "காபி சாப்பிட்டுப் போங்க அண்ணாச்சி" என்றேன். குடித்துவிட்டுப் போனார்.

ஜூனில் அவள் மறுபடி மைதானத்துக்கு வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை அந்த அம்புகளைத்தான் வைத்திருந்தாள். ஓர் இறகுகூடப் பெயரவில்லை. ஆனால் கூட்டம் கூடிய இடத்தில் எய்யும்போது ஒவ்வொரு அம்புக்கும் முன்னால் கையைப் பார்த்துக்கொள்வாள். முன்பு அந்தப் பழக்கம் கிடையாது.

அந்த நூல்கட்டு என் மனதில் கிடந்ததால் பிற்பாடு தேடிப் படித்தேன். 1991-இல் இத்தாலி, ஆஸ்திரியா எல்லையில் ஆல்ப்ஸ் பனிமலையில் ஒரு மனித உடல் கிடைத்தது. சுமார் 5,300 வருஷம் பழையது. அவனுடைய அம்புக் கூட்டில் பதினான்கு அம்புத் தண்டுகள். இரண்டு மட்டும் முழுதாகச் செய்து முடித்தவை. அந்த இரண்டிலும் மூன்று இறகு, மரப்பட்டைத் தார் வைத்து ஒட்டி, மேலே மெல்லிய நூலால் சுற்றியது. 1545-இல் மூழ்கிய இங்கிலாந்தின் 'மேரி ரோஸ்' கப்பலை 1982-இல் மேலே எடுத்தார்கள்; அதில் கிடைத்த அம்புகளிலும் பசையும் நூல்கட்டும் சேர்ந்தே இருந்தன. பசை இறகைத் தண்டோடு சேர்க்கிறது. முனை தூக்காமல் அமுக்கி வைப்பது நூல். எங்கள் ஊர் நெசவாளி ஒருவர் எந்தப் புத்தகமும் பார்க்காமல், மகள் கையில் இருந்த கீறலைப் பார்த்தே அதைக் கண்டுபிடித்தார்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் வகுப்பில் நான் கதையை மாற்றவில்லை. ஓய்வு பெறும்வரை, வருஷா வருஷம், பதறிய பிள்ளை கதைதான். இதுதான் நான் செய்ததிலேயே பெரிய தப்பு. டேப் ஒட்டியது ஒரு நாள் அவசரம். இது ஏழு வருஷம்.

போன வாரம் பேரனையும் அம்புகளையும் கூட்டிக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். தறி இல்லை. குழியை மூடிச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். முழங்கால் வலி, கண்ணில் அறுவை சிகிச்சை. "பார்வை முன்ன மாதிரி இல்ல சார்" என்றவர் நூலைக் கையில் வாங்கியதும் அம்பைப் பார்க்கவே இல்லை. விரலே பார்த்துக்கொண்டது. பேரன் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தான்.

"அண்ணாச்சி, அன்னைக்கு டேப் ஒட்டினது நான்தான். அவ பசை போடுவோம்னுதான் சொன்னா. மேட்ச் பார்க்கிற அவசரத்துல ஒட்டிட்டுப் போயிட்டேன்."

நூலைச் சுற்றிக்கொண்டே, "தெரியும் சார்" என்றார். இன்னொரு நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, "எனக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? அதுகிட்டச் சொன்னீங்களா? நம்மதான் பதறிட்டமோன்னு அதுக்கு இன்னமும் ஒரு இது இருக்கு" என்றார்.

அன்று ராத்திரியே போன் செய்தேன். அவள் இப்போது கோயம்புத்தூரில் நர்ஸ். இரண்டு பிள்ளைகள். சொல்ல வேண்டியதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அழுகிறாளோ என்று பயந்தேன். பிறகு நிதானமாகச் சொன்னாள்:

"சார், எனக்குப் பின்னாடி வந்த பிள்ளைக எல்லாருக்கும் அந்தக் கதையைச் சொன்னீங்களாமே. என் தம்பி கிளாஸ்லயும் சொன்னீங்க. அவன் வீட்டுல வந்து கேட்டான், 'நீயாக்கா அது?'ன்னு."

எனக்கு நாக்கு எழவில்லை. அவளுடைய தம்பியும் என்னிடம் படித்தவன் என்பது அந்த நிமிஷம்தான் நினைவுக்கு வந்தது.

"எல்லார்கிட்டயும் சொல்லிரட்டுமா தாயி?"

"சொல்லுங்க சார். பேரு மட்டும் போடாதீங்க."

அதனால் சொல்கிறேன். அந்தப் பிள்ளை பதறவில்லை. கையில் ரத்தம் வழிந்தபோதுகூட மிச்ச அம்புகளை முறையாக எய்து முடித்தாள். தப்பு செய்தது அவளுடைய ஆசிரியர். அதை மறைத்ததும் அவர்தான். உங்களில் யாராவது அந்தக் கதையை உங்கள் பிள்ளைகளுக்கோ, உங்கள் வகுப்பிலோ சொல்லியிருந்தால், தயவுசெய்து திருத்திச் சொல்லுங்கள். ஆசிரியராக இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிள்ளை பதறிட்டா என்று சொல்வதற்கு முன்னால் நாம் கொடுத்த அம்பை ஒருதரம் எடுத்துப் பாருங்கள்.

பேரனுக்கு நான் கொடுத்த பதிலையும் எழுதிவிடுகிறேன். நல்ல டேப்பாக இருந்து, தண்டைத் துடைத்து, வெயில் படாமல் வைத்துக்கொள்ள முடியும் என்றால் டேப் போதும். இயற்கை இறகு, மூங்கில் அம்பு, நம் ஊர் வெயில் என்றால் பசை. எதில் ஒட்டினாலும் முன்முனையில் நூல் கட்டாமல் எய்யாதே. எய்வதற்கு முன் ஒவ்வொரு அம்பையும் விரலால் தடவிப் பார்.

"நூல் யார் கட்டுவா தாத்தா?" என்றான்.

இப்போது தினமும் காலையில் அண்ணாச்சி வீட்டுக்குப் போய்க் கற்றுக்கொள்கிறான். முதல் மூன்று கட்டும் அவிழ்ந்துவிட்டன. நாலாவது நேற்று நின்றது.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் சார்,
சுந்தரபாண்டியம்